ருபினோவின் அடுப்படியில் பெண் கேட்ட கதை

ருபினோ மதாராங்கைப் பற்றி ஊரில் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். மகளைப் பெண் கேட்டு வந்தவர்களை அவன் கரண்டியால் விரட்டியடித்தான் என்று சான் பெலிசியோ சந்தையில் ஒரு கதை உலவுகிறது. அது தவறு. அவன் கையில் இருந்தது கரண்டி அல்ல, இடுக்கி. யாரையும் அவன் விரட்டவும் இல்லை. அன்று பெண் வீட்டார் சார்பில் பேசியவன் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ருபினோவின் வீட்டுக்கு எதிர் வீடு என்னுடையது. நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைப் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அவனுடைய திருமணத்தைப் பதிந்ததும், மூன்று பிள்ளைகளின் பெயர்களை எழுதியதும் இந்தக் கைதான். மூத்தவள் ஜெனலின், அடுத்தவள் ரீனா, கடைசிப் பையன் ஜோமார்.

ருபினோவுக்கு அப்பா விட்டுப்போன பூண்டு வயல் ஒன்று இருந்தது. நல்ல விலை கிடைத்த வருடம் சாப்பிட்டார்கள். கிடைக்காத வருடம் கடன் வாங்கிச் சாப்பிட்டார்கள். 1999 ஜூலையில் அவன் மனைவி பெர்லித்தா ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஏஜென்சிக்குக் கட்ட வயலைத்தான் அடகு வைத்தார்கள். அந்த வருடம் எங்கள் தெருவிலிருந்து மட்டும் நான்கு பெண்கள் போனார்கள். அங்கே பெண்களைத்தான் கேட்டார்கள். ஆண்களை யாரும் கேட்கவில்லை. மற்ற மூன்று வீடுகளிலும் ஒரு நாத்தனாரோ மாமியாரோ வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ருபினோவுக்கு அப்படி வருவதற்கு ஒருவரும் இல்லை. ஜெனலினுக்கு அப்போது ஏழு வயது. ஜோமாருக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது.

முதல் சில மாதங்கள் அந்த வீட்டிலிருந்து கருகிய சோற்று வாசனை எங்கள் வீடுவரை வரும். பிறகு நின்றுவிட்டது. ருபினோ விடியலில் வயலுக்குப் போய், பிள்ளைகள் எழுவதற்குள் திரும்பிவிடுவான். துவைப்பான், சமைப்பான், பெண்களுக்குத் தலை வாரிவிடுவான். மாலையில் மூலைக்கடை முன்னால் ஜின் பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு அவன்தான் தீனி.

"ஏய் ருபினோ! பாவாடையை எங்க காயப்போட்ட?"

"உன் வீட்டுக் கொடியிலதான். போய்ப் பாரு, உன் பொண்டாட்டி துவைச்சதை விட வெள்ளையா இருக்கும்."

சொல்லிவிட்டு நடையைக் குறைக்காமல் போய்விடுவான். அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. உட்கார்ந்து குடித்தும் பார்த்ததில்லை.

ஜெனலின் நான்காம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் அன்னையர் தின விழா வந்தது. தாய்மார்கள் வரிசையாக நின்று நடனம் ஆடுவது வழக்கம். அம்மா ஊரில் இல்லாத பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். அன்றைக்குத் தனக்குக் காய்ச்சல் வரப்போவதாக ஜெனலின் முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். ருபினோ நேராக ஆசிரியையிடம் போனான்.

"டீச்சர், அம்மா ஆடணுமா, இல்ல அம்மா வேலையைப் பாக்குறவங்க ஆடணுமா?"

"அப்படி ஒண்ணும் விதி இல்லையே…"

"அப்ப எனக்கு எந்த வரிசைன்னு சொல்லுங்க."

மூன்றாம் வரிசையில் நிறுத்தினார்கள். பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். எல்லோரும் இடப்பக்கம் திரும்பும்போது இவன் வலப்பக்கம் திரும்பி, பக்கத்தில் ஆடிய தபால்காரர் மனைவியை முட்டிக் கீழே தள்ளினான். கூட்டம் சிரித்து ஓய நேரம் பிடித்தது. ஜெனலினும் சிரித்தாள், ஆனால் எழுந்து நின்றுகொண்டு. மறு வருடம் அந்த வரிசையில் மேலும் இரண்டு ஆண்கள் நின்றார்கள். ஜோமார் பள்ளியை முடிக்கும் காலத்தில் அந்த நடனத்தில் தொப்பைகள்தான் அதிகம்.

பெர்லித்தா சும்மா இருந்தவள் அல்ல. வயல் மீண்டது அவளால். முதலில் கழிப்பறை, பிறகு சிமெண்ட் தரை, பிறகு செங்கல் சுவர், பிறகு மாடி என்று அந்த வீடு வளர்ந்த ஒவ்வொரு படியும் அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு திரும்பிப் போனதன் பலன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவாள். வருடத்துக்கு ஒரு பெட்டி கப்பலில் அனுப்புவாள். சோப்பு, டின்னில் அடைத்த இறைச்சி, துண்டு, பிள்ளைகளுக்குச் செருப்பு. ருபினோ பிள்ளைகளைச் செய்தித்தாள் மேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, வெட்டி அவளுக்கு அனுப்புவான். முதல் வருடம் வந்த செருப்பு மூன்று பேருக்குமே பொருந்தவில்லை. அவள் வாங்கி, பெட்டி நிரம்பி, கப்பல் வந்து சேர்வதற்குள் கால்கள் வளர்ந்துவிட்டன. அடுத்த முறையிலிருந்து பாதத்தைவிட ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளிக் கோடு போட்டான். அதன்பிறகு செருப்பு தப்பவே இல்லை. தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளின் காலை வரைந்து தரச் சொல்லி இவனிடம் அழைத்து வருவார்கள். ஆயா என்று பெயர் கொண்ட என் சின்னப் பேத்தியின் காலையும் அவன்தான் வரைந்தான். அவள் அம்மா, என் மகள், துபாயில் இருக்கிறாள். ஆயாவுக்குப் பள்ளி போகும்முன் பின்னல் போட்டுவிடுவதும் அவன்தான். என் விரல்களுக்கு அது வரவில்லை.

ஜெனலின் நர்ஸாகி லாவோக் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அரிசி மில் வைத்திருக்கும் அமாதோ தும்லாவின் மகன் அர்வினோடு பழக்கம் ஏற்பட்டது. அதே சமயம் ரியாத்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளைத் தேர்ந்தெடுத்தது. 2017 மே மாதம் விமானம் ஏற வேண்டும். அதற்குள் திருமணத்தை முடித்துவிட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை.

அர்வினின் அம்மா சியோனிங் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல பெண்மணி, ஆனால் எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பாடும் கரும்பு மதுவும் எடுத்துக்கொண்டு பெண் கேட்டு வருவதற்குத் தானோன் என்று பெயர். இரு தரப்பிலும் பேசுவதற்கென்று ஓர் ஆள் இருப்பார். சியோனிங் தன் பேச்சாளன் இஸ்தோவை முன்கூட்டியே ருபினோவிடம் அனுப்பினார். வாசல் கேட்டருகே நடந்த அந்தப் பேச்சை நான் என் வீட்டு முற்றத்திலிருந்து கேட்டேன்.

"ருபினோ, தப்பா நெனைக்காதே. பெர்லித்தா ஊருக்கு வந்தப்புறம் தானோன் வெச்சுக்கலாம்னு சியோனிங் மனாங் சொல்றாங்க."

"அவ முதலாளியம்மாவோட தாயார் படுக்கையில கிடக்குறாங்க. இப்ப லீவு கிடைக்காது. மே மாசத்துக்குள்ள எங்க வர்றது?"

"அப்ப வந்து யார்கிட்ட கேக்குறதுன்னு அவங்க…"

"நான் இங்கதான இருக்கேன், இஸ்தோ."

"நீ இருக்க, சரி. முடிவு சொல்றது யாருன்னு கேக்குறாங்க."

ருபினோ கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அன்று மாலை என்னிடம் வந்தான்.

"லாக்காய் தினோ, எங்க பக்கம் நீங்கதான் பேசணும்."

மூத்த பெண்களை மனாங் என்பதுபோல, வயதான ஆண்களை நாங்கள் லாக்காய் என்றுதான் அழைப்போம். அவன் என்னை அப்படி அழைத்ததில் புதிதாக ஒன்றும் இல்லை. குரல்தான் புதிதாக இருந்தது.

"பேசறேன். என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவங்க என்கிட்ட கேக்கணும். அது போதும்."

அவன் விரும்பியது அவ்வளவுதான். நகையோ வயலோ அல்ல. பதினேழு வருடம் வளர்த்த பெண்ணை வளர்த்தவனிடம் கேட்க வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வந்தார்கள். அமாதோ, சியோனிங், அர்வின், இஸ்தோ, உறவினர்கள் சிலர். கூடத்தில் நாற்காலி போட்டிருந்தோம். ருபினோ அடுப்படியில் இருந்தான். விருந்துக்குப் பன்றித் தொடையும் வயிற்றுக் கறியும் வேகவைத்துப் பொரித்து ஆறவைத்திருந்தான். தோல் கொப்புளிக்க இரண்டாம் முறை எண்ணெயில் போடும் நேரம் அது. அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகர முடியாது. ஜெனலின் மேசைமேல் பழக்கூடையில் போனைச் சாய்த்து வைத்து அம்மாவை அழைத்திருந்தாள். ஞாயிறு பெர்லித்தாவுக்கு விடுமுறை நாள்தான், ஆனால் முதலாளியம்மாவின் தாயாருக்காக வெளியே போகாமல் இருந்தாள். திரையில் அவள் முகமும், பின்னால் யாரோ ஒருவர் வீட்டு ஃபிரிட்ஜும் தெரிந்தன.

இஸ்தோ எழுந்து தொண்டையைச் செருமினான். இதற்கென்றே சட்டைக்குக் கஞ்சி போட்டு வந்திருந்தான்.

"பெரியோர்களே! எங்க வீட்டுக் காளை ஒண்ணு கயித்த அறுத்துக்கிட்டு ஓடிருச்சு. மலையெல்லாம் தேடினோம், ஆத்தங்கரையெல்லாம் தேடினோம். கடைசியில பாத்தா குளம்படி உங்க வாசல்ல வந்து நிக்குது. உள்ள ஒரு ரோசாச் செடி பூத்திருக்காம். அந்த வாசனையிலதான் மயங்கிருச்சாம்."

"குளம்படி நிஜந்தான்," என்றேன். "ஆனா வேலியைத் தாண்டித்தானே செடிகிட்ட வரணும்? வேலிக்காரர்கிட்ட உத்தரவு கேட்டீங்களா?"

முறைப்படி இந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து பெண்ணின் தகப்பனைப் பார்த்து வணங்க வேண்டும். நான் அடுப்படி வாசலைப் பார்த்தேன். ருபினோ இடுக்கியோடு வாசலுக்கு வந்து நின்றிருந்தான். இடுப்பில் சமையல் துணி.

இஸ்தோ போனைப் பார்த்து வணங்கினான்.

வேண்டுமென்று செய்தான் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் வரும் பிழைதான் அது. யார் வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறார்களோ, அவர்கள் பெயரில்தான் வீட்டை அழைப்போம். ருபினோ கட்டடம் எழுப்ப மணல் சுமந்ததைப் பார்த்தவர்கள்கூட அதைப் பெர்லித்தா வீடு என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

சியோனிங் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"பெர்லித்தா, இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவங்க நீங்க. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், நாங்க தேதி பாத்துருவோம்."

ருபினோ உள்ளே திரும்பிப் போய்விட்டான். எண்ணெய் சீறும் சத்தம் மட்டும் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் போனிலிருந்து குரல் வந்தது.

"மனாங் சியோனிங், என்னையா கேக்குறீங்க?"

"பின்ன யாரைக் கேக்குறது?"

"அவளுக்கு எந்த மாத்திரை ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரியாது, மனாங். அவ வயசுக்கு வந்தப்ப கடைக்குப் போய் வேண்டியதை வாங்கிட்டு வந்தது நான் இல்ல. பரீட்சைக்கு முன்னாடி வாந்தி எடுப்பாளாம், எனக்குப் போன வருஷந்தான் தெரியும். நான் சம்பாதிச்சேன். அதுல எனக்குப் பெருமைதான், குறைச்சு ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்தக் கூரை என்னோடது. அதுக்குக் கீழ நடந்ததெல்லாம் அந்த மனுசனோடது. பொண்ணு வேணும்னா அங்க போய்க் கேளுங்க."

பெர்லித்தாவே மறுபடியும் பேசினாள்.

"ஜெனலின், என்னையும் எடுத்துட்டுப் போ. எனக்கும் கேக்கணும்."

அமாதோ தும்லாவ் அதிகம் பேசாத மனிதர். அவர்தான் முதலில் எழுந்தார். அவர் பின்னால் சியோனிங், அர்வின், இஸ்தோ, உறவினர்கள், நான் என்று எல்லோருமாக அடுப்படிக்குள் நுழைந்தோம். நான்கு பேர் நிற்கும் இடம் அது. ஜெனலின் போனை உப்பு ஜாடிப் பலகையில் வைத்தாள். இஸ்தோ கஞ்சிச் சட்டை வியர்வையில் நனைய மறுபடி தொடங்கினான்.

"ருபினோ, எங்க வீட்டுக் காளை ஒண்ணு…"

"காளை இருக்கட்டும். கொஞ்சம் தள்ளி நில்லு, எண்ணெய் தெறிக்கும்."

கடைசித் துண்டை எடுத்து வடியவைத்தான். அடுப்பை அணைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு சியோனிங்கின் பக்கம் திரும்பினான்.

"இப்ப சொல்லுங்க, மனாங்."

சியோனிங் ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசியவர். அன்று எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று கேட்டார்.

"ருபினோ, உங்க பொண்ணை எங்க பையனுக்குக் கேட்டு வந்திருக்கோம். நீங்க சம்மதிக்கணும்."

ருபினோ தலையசைத்தான். முகம் சிவந்திருந்தது. அது அடுப்புச் சூடாகவும் இருக்கலாம்.

அமாதோ முன்னே வந்தார். "வழக்கப்படி பொண்ணுக்கு வயல் தர்றோம். மில்லுக்குப் பின்னால இருக்கிறது."

"அதை அவ பேர்ல எழுதுங்க. வழக்கத்தை வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ஆனா எனக்கு வேற ஒண்ணு வேணும். அந்தக் காலத்துல பொண்ணு கேட்டவன் அந்த வீட்டுக்கு வந்து விறகு பிளப்பான், தண்ணி சுமப்பான். எங்க அப்பா அப்படித்தான் செஞ்சார். இங்க கேஸ் இருக்கு, குழாய் இருக்கு. அதனால அர்வின் கல்யாணம் வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை வரட்டும். துணி துவைக்கணும். சமைக்கணும். எதிர்வீட்டு ஆயாவுக்குத் தலை பின்னிவிடணும்."

"என்னது!" என்றார் சியோனிங். "என் மகன் துணி துவைக்கிறதா? நாளைக்கு மில்லை நடத்தப் போறவன்!"

"மே மாசம் அவ ரியாத் போயிருவா, மனாங். பிள்ளை பிறந்தா அதை விட்டுட்டு மறுபடி போவா. அப்ப யாரு துவைப்பா? நீங்களா?"

"ஆள் வெச்சுக்குவோம்."

"வைங்க. வர்றவளும் தன் பிள்ளையை எங்கயோ விட்டுட்டுத்தான் வருவா."

உப்பு ஜாடிப் பக்கத்திலிருந்து பெர்லித்தாவின் குரல் மெதுவாக வந்தது.

"வர்றவ பிள்ளைக்கும் ஒரு ருபினோ இருந்தா சரி."

ஜெனலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அர்வின்தான் பேசினான்.

"வர்றேன், மாமா. ஆனா எனக்குச் சோறாக்கக்கூடத் தெரியாது."

"தெரியாதுன்னு தெரியும். உன் கையைப் பாத்தாலே தெரியுது, பிஷப் கை மாதிரி இருக்கு."

அமாதோதான் முதலில் சிரித்தார். மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்து, இன்னும் சூடு ஆறாத கறியில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். தோல் நொறுங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகு யாரும் கூடத்துக்குத் திரும்பவில்லை. சாப்பாடு முழுவதும் அடுப்படியில் நின்றபடியே நடந்தது. கரும்பு மது ஊற்றியபோது ருபினோதான் முதலில் குடித்தான். அவன் குடித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அர்வின் சொன்னபடி வந்தான். முதல் சனிக்கிழமை ஜோமாரின் சிவப்பு பனியனை வெள்ளைத் துணிகளோடு ஊறவைத்தான். அந்த வாரம் முழுக்க ருபினோ வீட்டுப் படுக்கை விரிப்புகள் ரோஜா நிறத்தில் கொடியில் ஆடின. தெருப் பெண்கள் வேலையே இல்லாமல் அந்தப் பக்கம் வந்து வந்து போனார்கள்.

"என்ன மாப்ளே, புது டிசைனா?"

"ஆமாக்கா, லாவோக்லேர்ந்து ஆர்டர் வந்திருக்கு," என்பான் அவன், தலையைத் தூக்காமல்.

ஆயாவின் தலையில் அவன் போட்ட முதல் பின்னல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. "நான் என்ன ஆடா?" என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள். ருபினோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். உதவி செய்யவில்லை. "அவுத்துட்டு மறுபடி போடு" என்று மட்டும் சொன்னான். ஏப்ரலில் அர்வின் போட்ட பின்னலோடு ஆயா பள்ளிக்குப் போய் மாலை வரை அவிழாமல் திரும்பி வந்தாள். அடுத்த வாரம் திருமணம்.

ஜெனலின் மே மாதம் விமானம் ஏறினாள். ஒப்பந்தம் முடிந்து வந்தபோது ஊரிலேயே தங்கி ஒரு பெண் குழந்தை பெற்றாள். அது நடக்கத் தொடங்கும்முன் அவள் திரும்பிப் போனாள். அர்வின் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு மில்லில் நெல் எடை போடுவான். ஜெனலின் வாரத்துக்கு நான்கு முறை அழைத்து, குழந்தை என்ன சாப்பிட்டது என்று கேட்பாள். அவன் ஒன்றுவிடாமல் சொல்லுவான். மூன்று வருடத்துக்கு முன் பெர்லித்தா ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டாள். வந்த முதல் வாரத்திலேயே அடுப்படிக்காக அவளுக்கும் ருபினோவுக்கும் சண்டை. மசாலா டப்பாக்களை அவள் இடம் மாற்றி வைத்தாளாம். இப்போது முறை வைத்துச் சமைக்கிறார்கள். ருபினோவின் முறை வரும் நாளில்தான் நான் அங்கே சாப்பிடப் போகிறேன். பெர்லித்தாவுக்கு அது தெரியும்.

போன ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றிருந்தோம். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி சியோனிங்கின் கையைப் பிடித்துக்கொண்டு உருகினாள்.

"பாவம் மனாங், உங்க மகன்! பொண்டாட்டி வெளிநாட்டுல, இவர் பிள்ளைக்கு மூக்கு சிந்திக்கிட்டு, ஜட்டி துவைச்சுக்கிட்டு…"

சியோனிங் கையை உதறிக்கொண்டார். தலைமை ஆசிரியைக் குரல் வாசல் முழுவதும் கேட்டது.

"யாரு பாவம்? உன் மகன்கிட்ட ஒரே ஒரு நாள் பிள்ளையைக் குடுத்துப் பாரு, சாயங்காலத்துக்குள்ள உக்காந்து அழுவான். என் மகன் அப்படி இல்ல. அவன் ருபினோ மதாராங்கோட மருமகன்!"